கெட்டில் செருகிய பிளக்: கடலூர் லேப் ஒன்றின் ரவுட்டரில் எஸ்-நேட்டா, மாஸ்கரேட்டா?

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை லேபின் டெலிபோன்கள் ஒரு மழைநாள் மாலை ஆறே முக்கால் மணிக்கு ஊமையாயின. எட்டு மணி வரை யாருக்கும் தெரியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தால் எரிச்சலோடு திரும்பிப் பார்ப்போம். அடிக்காமல் இருப்பதை யார் கவனிப்பார்கள்? பண்ருட்டிக் கிளையிலிருந்து ஒரு பெண் வரவேற்பு மேசை அக்காவின் செல்போனுக்கு அழைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "என்னக்கா, ஒரு மணி நேரமா போட்டுக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறீங்க?"

அக்கா உடனே என்னை அழைத்தார். "தம்பி, நெட்டு நல்லாத்தான் இருக்கு. யூடியூப்கூட ஓடுது. போன் மட்டும் செத்துப்போச்சு."

அந்த லேபின் நெட்வொர்க் வேலையை ஒப்பந்தத்தில் பார்ப்பவன் நான். வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். வீட்டிலிருந்தபடியே ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்கலாம் என்றால் முடியவில்லை; ஏன் முடியவில்லை என்பது பின்னால் வரும். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாக பைக்கில் போனேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்வரை என் சந்தேகம் முழுக்க போன் சேவை தருபவர்மேல்தான் இருந்தது. தவறு என்னுடையது என்று தெரிய இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது. லேபின் உள்முகவரிகளை ரவுட்டர் மாற்றி வெளியே அனுப்பும் இரண்டு வழிகள்தான் எஸ்-நேட்டும் மாஸ்கரேட்டும்; அந்த இரண்டில் நான் எதைத் தேர்ந்தேன் என்பதில்தான் சிக்கல்.

இருந்த அமைப்பு

லேபுக்கு இரண்டு இணைய லைன்கள். கடலூரில் தொழில் நடத்தும் யாருக்கும் ஏன் இரண்டு என்று விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தது; அது ஓய்ந்த கையோடு தென்பெண்ணையில் வெள்ளம். அதனால் ஒரு லைன் மண்ணுக்கடியில், இன்னொன்று கம்பத்தின் மேல் என்று பார்த்து வாங்கியிருந்தோம். இரண்டும் ஒரே நாளில் போகாது என்பது நம்பிக்கை.

முதல் லைன், ஃபைபரில் வரும் நிலையான இணைப்பு. எட்டு ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கொண்ட ஒரு துண்டு அதோடு கிடைத்தது. உண்மையான எண்களை எழுதுவது சரியில்லை. ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிவைத்த 203.0.113 வரிசையைப் பயன்படுத்துகிறேன். ரவுட்டருக்கு 203.0.113.10, கூடுதலாக அதே போர்ட்டில் 203.0.113.11. இரண்டாவது லைன், உள்ளூர் கேபிள்காரர் தருவது. பிபிபிஓஇ என்ற முறையில் டயல் ஆகும், ஒவ்வொரு முறையும் முகவரி மாறும், அதுவும் 100.64 என்று தொடங்கும் முகவரி. 2012இல் ஆர்எஃப்சி 6598 (ஆர்எஃப்சி என்பவை இணைய விதிமுறை ஆவணங்கள்) வழியாக இணைய நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கு ஒதுக்கிய வரிசை அது. அதாவது, நாம் ஒருமுறை முகவரி மாற்றி அனுப்புகிறோம், கேபிள்காரர் தம் இடத்தில் இன்னொரு முறை மாற்றி வெளியே விடுகிறார். வெளியிலிருந்து அந்த லைன் வழியாக உள்ளே நுழைய வாசலே கிடையாது. அன்று நான் மழையில் பைக் எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

ரவுட்டர், நான்கு போர்ட் கொண்ட விசிறியில்லாத சின்னப் பெட்டி. டெபியன் 12 என்ற லினக்ஸ், அதன் மையப்பகுதியான கெர்னல் 6.1, முகவரி மாற்றும் விதிகள் என்எஃப்டேபிள்ஸ் என்ற கருவியில். ஒரு ஸ்கிரிப்ட் சில நொடிக்கு ஒருமுறை முதல் லைன் வழியாக வெளியே பிங் அடித்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் வழியை இரண்டாவது லைனுக்குத் திருப்பிவிடும். உள்ளே பன்னிரண்டு ஐபி போன்கள் (இணையம் வழியாகப் பேசுபவை), பரிசோதனை இயந்திரங்களோடு பேசும் ஒரு சர்வர், பில் போடும் கம்ப்யூட்டர்கள், ஊழியர்களின் வைஃபை.

மாஸ்கரேட்டின் மேல் நான் போட்ட பழி

வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வெளி இணையத்தில் செல்லாது. 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 அவற்றைத் தனியார் பயன்பாட்டுக்கென்று பிரித்துவைத்தது. எனவே பாக்கெட் (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) வெளியேறும்போது ரவுட்டர் அனுப்புநர் முகவரியை மாற்ற வேண்டும். லினக்ஸில் அதற்கு முக்கியமாக இரண்டு வழி. எஸ்-நேட் என்றால், எந்த முகவரியைப் போட வேண்டும் என்று நாமே விதியில் எழுதிவிடுவது. மாஸ்கரேட் என்றால், எந்த இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் வாசல்) வழியாக வெளியே போகிறதோ அதில் அந்த நேரத்தில் இருக்கும் முகவரியைக் கெர்னலே எடுத்துக்கொள்வது. தெருக்கூத்துக்காரன் போகிற ஊரில் கிடைக்கிற வேடத்தைக் கட்டிக்கொள்வது போல. 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலுக்கு முன் லினக்ஸில் இந்த வேலைக்குப் பொதுப்பெயரே ஐபி மாஸ்கரேடிங்தான். டயல்அப் காலத்துப் பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லேபில் முதலில் இரண்டு லைனுக்கும் மாஸ்கரேட்தான் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது. ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு காப்பீட்டு போர்ட்டல் வந்தது. அந்தப் போர்ட்டல், பதிவு செய்து கொடுத்த ஒரே ஒரு முகவரியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும். நாங்கள் கொடுத்தது கடைசி எண் 10.

ஒருநாள் இன்டர்ஃபேஸ் கோப்பைத் திருத்தும்போது 11ஐ 10க்கு மேலே எழுதிவிட்டேன். அப்போது எதுவும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து யூபிஎஸ் பேட்டரி இறங்கி ரவுட்டர் அணைந்து எழுந்தது. அன்று காலையிலிருந்து போர்ட்டல் யாரையும் உள்ளே விடவில்லை. ஒரே சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) இரண்டு முகவரி இருந்தால் முதலில் சேர்த்தது முதன்மை, அடுத்தது துணை. மாஸ்கரேட் முதன்மையை மட்டுமே எடுக்கும். துணை முகவரியை ஒருபோதும் தொடாது. நான் வரியை மாற்றியதால் 11 முதன்மையாகிவிட்டது. இன்னொரு விஷயத்தையும் அன்று கற்றுக்கொண்டேன். வழித்தட அட்டவணையில் 'இந்த வழிக்கு இந்த மூல முகவரி' என்று குறிப்பு எழுதி வைக்கலாம் அல்லவா? ரவுட்டர் தானே உருவாக்கும் பாக்கெட்டுகளுக்கு அது பொருந்தும். மாஸ்கரேட் அந்தக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை, இன்டர்ஃபேஸைத்தான் கேட்கும்.

எனக்குக் கோபம். என்எஃப்டேபிள்ஸுக்கு முந்தைய கருவியான ஐபிடேபிள்ஸின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால் அதுவும் என் பக்கமே பேசியது: மாஸ்கரேட் மாறும் முகவரிக்கு மட்டும், நிலையான முகவரி இருந்தால் எஸ்-நேட்டைப் பயன்படுத்து. வகுப்புகளிலும் வேலைக்கான நேர்காணல்களிலும் சொல்லப்படும் பதிலும் அதே. ஆக, முதல் லைன் முழுவதையும் எஸ்-நேட்டுக்கு மாற்றி 10 என்று எழுதிவிட்டேன். இரண்டாவது லைனில் மாஸ்கரேட் அப்படியே இருந்தது. போர்ட்டல் திறந்தது. லைன் மாறுகிறதா என்று பார்க்க முதல் லைனின் கேபிளைப் பிடுங்கி, லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். வந்தது. அதோடு வீட்டுக்குப் போய்விட்டேன். போனை எடுத்து ஒரு கால் போட்டுப் பார்க்கவில்லை. இந்த வழக்கில் எனக்கு இன்றும் உறுத்துவது அந்த ஐந்து நிமிடச் சோம்பல்தான்.

அந்த இரவு

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஏற்கெனவே பன்னிரண்டு போன்களின் பிளக்கையும் பிடுங்கித் திரும்பச் செருகியிருந்தார். எல்லாவற்றின் திரையிலும் 'பதிவாகவில்லை' என்ற செய்தி. முதல் லைனின் ஃபைபர் எங்கோ ரோடு தோண்டிய இடத்தில் அறுந்திருந்தது. ஆனால் எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கு மின்சாரம் இருந்ததால் ரவுட்டரின் போர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்து வழியை மாற்றியிருந்தது. வெப் பக்கங்கள் கேபிள்காரர் லைனில் வந்தன.

ஐபி போன் பிரச்சினை என்றாலே எங்கள் தொழிலில் முதலில் கையைக் காட்டுவது எஸ்ஐபி ஏஎல்ஜி பக்கம்தான் (எஸ்ஐபி என்பது ஐபி போன்கள் பேசும் மொழி). போன் பாக்கெட்டின் உள்ளே புகுந்து முகவரியைத் திருத்தப் பார்த்துக் கெடுத்துவைக்கும் பகுதி அது. லினக்ஸில் 4.7 கெர்னல் முதலே அது தானாக இயங்காது, நாமாக அழைத்தால்தான் வரும். நாங்கள் அழைக்கவில்லை. அந்தச் சந்தேகம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

அப்போது டாக்டர் அறையிலிருந்து மணியோசை. பன்னிரண்டில் அந்த ஒரே ஒரு போன் மட்டும் வேலை செய்கிறது! எல்லாரும் ஓடினோம். அதே மாடல், அதே அமைப்பு, அதே சுவிட்ச்.

"இதுக்கு மட்டும் என்னக்கா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலியே. பிளக்கப் புடுங்கினேன். அதுல கெட்டிலச் செருகி டாக்டருக்கு டீ போட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து போனச் செருகினேன்."

மற்ற பதினொன்றும் பிடுங்கிய உடனே செருகப்பட்டவை. இது மட்டும் ஐந்து நிமிடம் அணைந்து கிடந்திருக்கிறது. வழக்கு அந்த இடத்தில்தான் திரும்பியது. ஐந்து நிமிடத்துக்குள் ஏதோ ஒன்று காலாவதியாகியிருக்கிறது, அது என்ன?

ரவுட்டரில் கான்ட்ராக் அட்டவணையை (அதன் வழியாகப் போகும் இணைப்புகளின் பட்டியலை) திறந்தேன். லினக்ஸில் நேட் விதிகள், அதாவது முகவரி மாற்றும் விதிகள், ஒரு இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே படிக்கப்படும். அப்போது எடுத்த முடிவு இந்த அட்டவணையில் ஒரு பதிவாக உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வரும் பாக்கெட்டுகள் விதியைப் பார்க்காமல் பதிவைப் பார்த்தே மாற்றப்படும். எங்கள் போன்கள் பேசும், ஒப்புதலுக்குக் காத்திராத அனுப்புமுறையான யூடிபியில் இருபக்கமும் பேசிக்கொண்டிருந்த பதிவுக்கு ஆயுள் 120 நொடி. பதிலே வராததற்கு 30 நொடி. ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தக் கடிகாரத்தைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிடும்.

எங்கள் போன்கள் 60 நொடிக்கு ஒருமுறை சேவையிடத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ளும் (இது அட்டவணைப் பதிவல்ல, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்வது). தோற்றால் 20 நொடியில் மறுபடி முயலும். எப்போதும் ஒரே போர்ட் 5060லிருந்து ஒரே முகவரிக்கு, ஒரே போர்ட்டுக்கு. (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் துளையல்ல, ஒரு கருவியின் இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் எண்.) அட்டவணையில் பதினொரு பதிவுகள் 119, 118 என்று இறங்கி, மறுபடி 120க்குத் தாவிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் வெளிமுகவரி 203.0.113.10. அறுந்துபோன லைனின் முகவரி!

உறுதிசெய்ய இரண்டாவது லைனின் பிபிபி இன்டர்ஃபேஸில், போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டுப் பார்த்தேன். கேபிள்காரர் லைன் வழியாக, முதல் லைனின் முகவரியை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, பதிவு கேட்கும் பாக்கெட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடலூர் போஸ்ட் ஆபீசில் போட்ட கடிதத்தில் அனுப்புநர் முகவரியாக இடிந்துபோன வீட்டை எழுதியது மாதிரி. தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்காத முகவரியோடு வரும் பாக்கெட்டை நிறுவனங்கள் வாசலிலேயே தடுக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2827 சொல்கிறது. கேபிள்காரர் தடுத்தாரோ, விட்டாரோ, எங்களுக்கு ஒன்றுதான்: விட்டிருந்தாலும் பதில் அறுந்த லைனைத் தேடித்தான் போயிருக்கும்.

இப்போது எல்லாம் இடம் சேர்ந்தது. ப்ரௌசர் ஒவ்வொரு புது இணைப்புக்கும் புது மூலப் போர்ட்டை எடுக்கும். அது புதுப் பதிவு. விதி புதிதாகப் படிக்கப்பட்டு இரண்டாவது லைனின் மாஸ்கரேட்டில் விழும். யூடியூப் ஓடியது அதனால். போன் அப்படிச் செய்யாது. பிடுங்கிச் செருகினாலும் அது ஒரு நிமிடத்துக்குள் எழுந்து அதே 5060லிருந்து பேசுகிறது. 120 நொடி முடிவதற்குள் பழைய பதிவைப் பிடித்துக்கொள்கிறது. கெட்டில் கொதிக்கும் நேரம் அதைவிட நீளம்.

கிளைகளுக்கு ரிசல்ட் அனுப்பும் சர்வரின் பதிவேட்டையும் புரட்டினேன். லைன் அறுந்ததிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஒன்றுமே போகவில்லை. பிறகு தானாகச் சரியாகியிருக்கிறது. லினக்ஸ் சர்வர் ஒரு டிசிபி இணைப்பில் (ஒப்புதல் கேட்டு அனுப்பும் முறை) பதில் வராவிட்டால் பதினைந்து முறை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். இயல்பு அமைப்பில் அது கணக்குப்படி 924 நொடி சொச்சம். கைவிட்டதும் நிரல் புது இணைப்பு போட்டது, புதுப் போர்ட், புதுப் பதிவு, பிழைத்தது. நிலைபெற்ற டிசிபி இணைப்புக்குக் கான்ட்ராக் வைத்திருக்கும் ஆயுள் 4,32,000 நொடி, ஐந்து நாள். பதிவு தானாகச் சாகும் என்று காத்திருந்தால் பொங்கலே வந்துவிடும்.

அன்று இரவு அந்தப் பதிவுகளைக் கையால் அழித்தேன். அரை நிமிடத்துக்குள் பதினொரு போனும் திரையில் எண்ணைக் காட்டின.

மாஸ்கரேட் இருந்தபோது ஏன் இப்படி ஆகவில்லை?

முன்பும் ஃபைபர் அறுந்திருக்கிறது. அப்போதெல்லாம் போன்கள் ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டன என்று அக்கா சத்தியம் செய்தார். எனக்கு அவர் நினைவின்மேல் சந்தேகம். அவர் சொன்னதே சரி.

மாஸ்கரேட் என்பது 'எஸ்-நேட், ஆனால் முகவரியைத் தானே கண்டுபிடிக்கும்' என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். முகவரியைக் கண்டுபிடிப்பது அதன் பாதி வேலை. மறுபாதி, மறப்பது. இன்டர்ஃபேஸ் இறக்கப்பட்டாலோ அதன் முகவரி நீக்கப்பட்டாலோ, அதைச் சார்ந்த மாஸ்கரேட் பதிவுகளைக் கெர்னல் துடைத்துவிடும். டயல்அப் அறுந்து புது முகவரி கிடைத்தால் பழைய இணைப்புகளை வைத்திருந்து என்ன பயன் என்ற நியாயம். இது ஓரளவு தெரிந்த செய்தி.

அதிகம் பேசப்படாதது இன்னொன்று. மாஸ்கரேட் ஒவ்வொரு பதிவிலும் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக முதலில் வெளியே போனது என்ற எண்ணைக் குறித்துவைக்கிறது. அதே இணைப்பின் பாக்கெட் பின்னால் வேறொரு இன்டர்ஃபேஸ் வழியாகப் போக முயன்றால், கெர்னல் அந்தப் பதிவையே கொன்று, அந்த ஒரு பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். அடுத்த பாக்கெட் புது இணைப்பாகக் கணக்கில் ஏறி, சரியான முகவரியோடு போகும். எஸ்-நேட் பதிவில் இந்தக் குறிப்பு கிடையாது. நீ சொன்ன முகவரி, நீயே பார்த்துக்கொள் என்கிறது கெர்னல், அதுவும் நியாயம்தான்.

எங்கள் நிலைமையில் போர்ட் விளக்கு அணையவே இல்லை, முகவரியும் நீங்கவில்லை. ஆக, முதல்வகைத் துடைப்பு நடந்திருக்காது. போன்களை முன்பு காப்பாற்றியது இரண்டாவது வகை. போன் அனுப்பும் பதிவுக் கோரிக்கை கீழே விழுந்தாலும், எஸ்ஐபி விதிப்படி யூடிபியில் அரை நொடியில் அதுவே மறுபடி அனுப்பப்படும். அது புதுப் பதிவாகப் போய்ச் சேரும். அக்காவின் 'ஒரு நிமிஷம்' என்பது போனின் 60 நொடிக் கணக்கு, மிகச்சரி.

இதில் ஒரு விசித்திரம். முதல் லைனில் எஸ்-நேட், இரண்டாவதில் மாஸ்கரேட் என்று நான் வைத்திருந்த அமைப்பில், முதல் லைன் போகும்போது மட்டும்தான் சிக்கல். முதல் லைன் திரும்பி வந்து வழி மாறும்போது, இரண்டாவது லைனின் மாஸ்கரேட் பதிவுகள் தாமாகச் செத்துவிடும், போன்கள் எழுந்துகொள்ளும். காலையில் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். இரவு யாரோ கனவு கண்டதாகத் தோன்றும். இப்படிப்பட்ட பழுதுதான் வருஷக்கணக்கில் பிடிபடாமல் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

ஞாயிறு மதியத்துக்கு மேல் லேப் மூடியிருக்கும். போர்ட் கேபிளைத் தொடாமல், ஃபைபர் பெட்டியின் பின்னால் ஒளி வரும் கம்பியைக் கழற்றினோம். நிஜமாகவே அறுந்தது மாதிரி இருக்க வேண்டுமே.

எஸ்-நேட் மட்டும் இருந்தபோது இருபது நிமிடம் காத்திருந்தோம். ஒரு போனும் வரவில்லை. மாஸ்கரேட்டுக்கு மாற்றி அதே சோதனை: வழி மாறிய ஒரு நிமிடத்தில் பன்னிரண்டும் வந்துவிட்டன. மறுபடி எஸ்-நேட், ஆனால் ஸ்கிரிப்டில் பழைய வெளிமுகவரி கொண்ட பதிவுகளை அழிக்கும் வரியைச் சேர்த்து: பதினொன்று வந்தன, ஒன்று மாட்டிக்கொண்டது.

அந்த ஒன்றுக்காக ஒரு மணி நேரம் போனது. நான் முதலில் பதிவை அழித்து, பிறகு வழியை மாற்றும்படி எழுதியிருந்தேன். இரண்டுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் ஒரு போன் பேச முயன்று, பழைய வழியில், பழைய முகவரியோடு புதுப் பதிவை உண்டாக்கிவிட்டது. அது பதில் வராத பதிவு, ஆயுள் 30 நொடிதான்; ஆனால் 20 நொடிக்கு ஒருமுறை போன் அதற்கு உயிர் ஊட்டிக்கொண்டே இருந்தது. வரிசையைப் புரட்டி, முதலில் வழி, அடுத்து அழிப்பு என்று வைத்ததும் பன்னிரண்டும் வந்தன.

கான்ட்ராக்கின் 120 நொடியைக் குறைத்துவிட்டால் என்ன என்று உடன் வந்த தம்பி கேட்டான். குறைத்தால் போன் சும்மா இருக்கும் நேரத்தில் பதிவு செத்துப்போகும். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு உள்ளே வர வழி இருக்காது. மணி அடிக்காத போன் என்ற நோய்க்கு இன்னொரு மணி அடிக்காத போன் மருந்தாகாது. மொத்த அட்டவணையையும் ஒரேயடியாகத் துடைக்கலாமே என்றான். ஊழியர் வைஃபை எப்போதும் இரண்டாவது லைனில்தான் போகிறது. நன்றாக ஓடுகிற அவர்கள் இணைப்புகளை ஏன் கலைக்க வேண்டும்?

எஸ்-நேட் வேகமானது, மாஸ்கரேட் மெதுவானது என்ற வாதத்தையும் அவனே கொண்டுவந்தான், படித்ததாம். மாஸ்கரேட் கூடுதலாகச் செய்வது இன்டர்ஃபேஸின் முகவரியைப் பார்ப்பது. அதையும் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் செய்கிறது. இந்த அளவு லேபில் அது கணக்கிலேயே வராது.

எடுத்த முடிவு

கையேட்டுக்கு நேர்மாறாகத்தான் முடிந்தது. நிலையான முகவரி உள்ள முதல் லைனிலும் பொதுவிதி மாஸ்கரேட். அதற்கு மேலே ஒரே ஒரு எஸ்-நேட் விதி: பில் கம்ப்யூட்டர்களிலிருந்து காப்பீட்டு போர்ட்டலுக்குப் போகும் பாக்கெட்டுகளுக்கு மட்டும் 10. நேட் விதிகளில் முதலில் பொருந்துவதே செல்லும் என்பதால் இந்த வரிசை முக்கியம். கோப்பில் எந்த முகவரி மேலே இருக்கிறது என்பது இனிப் போர்ட்டலைப் பாதிக்காது. போன்களுக்கு 10 ஆனால் என்ன, 11 ஆனால் என்ன.

ஸ்கிரிப்டில் அந்த அழிப்பு வரியும் இருக்கிறது, சரியான வரிசையில். அதுவே போதுமே, எஸ்-நேட்டையே வைத்திருக்கலாமே என்று டாக்டர்கூடக் கேட்டார். போதும்தான், ஸ்கிரிப்ட் ஓடினால். ஒருநாள் நான் பராமரிப்புக்காகக் கையால் வழியை மாற்றுவேன்; அன்று ஸ்கிரிப்ட் ஓடாது. எனக்குப் பின்னால் வருபவருக்கு அந்த வரி ஏன் இருக்கிறது என்றே தெரியாமல் போகலாம். கெர்னல் அப்படி மறக்காது.

போர்ட்டல் மட்டும் இரண்டாவது லைனில் இருக்கும்போது திறக்காது. அந்த முகவரியை அவர்கள் ஏற்கமாட்டார்கள், அது நாளுக்கு நாள் மாறுவதும்கூட. காப்பீட்டுக் கோப்பு ஒரு மணி நேரம் தாமதமானால் யாருக்கும் உயிர் போகாது என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். பொட்டாசியம் அளவு எகிறிய ஒருவரின் ரிசல்ட்டைக் கிளைக்குப் போனில் சொல்ல முடியாமல் போவது அப்படியல்ல.

இதை எல்லா இடத்துக்கும் பொது மருந்தாக எடுக்க வேண்டாம். ஒரே லைன், ஒரே நிலையான முகவரி என்றால் கையேடு சொல்வது சரி. அங்கே லைன் பத்து நொடி போய் வந்தாலும் எஸ்-நேட் பதிவுகள் அப்படியே இருக்கும். நடுவில் இருந்த பதிவேற்றம் விட்ட இடத்திலிருந்து தொடரும். மாஸ்கரேட்டில் அது நிச்சயமில்லை. கேபிள் கழன்றவுடன் முகவரியை நீக்கிவிடும் நெட்வொர்க் மேலாண்மை நிரல்களும் உண்டு, நீக்காதவையும் உண்டு. நீக்கினால் எல்லா இணைப்பும் அறுந்தே தீரும். புதுச்சேரியில் நான் பார்க்கும் ஒரு மாணவர் விடுதியில் வேறு கணக்கு. அங்கே பல வெளிமுகவரிகள். மாஸ்கரேட் ஒன்றை மட்டுமே எடுக்கும். எஸ்-நேட்டில் முகவரி வரிசையைக் கொடுத்து, ஒரு மாணவருக்கு எப்போதும் ஒரே வெளிமுகவரி கிடைக்கும்படி நிலைப்படுத்தும் குறியையும் சேர்த்திருக்கிறோம். இல்லாவிட்டால் வங்கித் தளங்கள் பாதி வழியில் முகவரி மாறியதைப் பார்த்து வெளியேற்றிவிடும்.

லேபில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் ஃபைபரைக் கழற்றுவது வழக்கமாகிவிட்டது. நான் வெப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அக்கா தன் செல்போனிலிருந்து லேப் எண்ணுக்கு அழைப்பார். சென்ற முறை மணி அடிக்க ஐம்பது நொடி ஆனது. கெட்டிலுக்கு டாக்டர் அறையில் தனியாக ஒரு பிளக் பாயிண்ட் வைத்துக்கொடுத்திருக்கிறார்கள்.